பூஜை அறைக்குக் குடிவந்தவர்

பெங்களூர்ச் சந்தாபுராவில் கவியரசனும் விஜியும் வாங்கிய அடுக்குமாடி வீட்டில், சமையலறையை ஒட்டி ஒரு குட்டி அறை இருந்தது. ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் இரண்டு முழங்காலும் சுவரில் இடிக்கும். கட்டியவர் அதற்கு மட்டும் தேக்குக் கதவு போட்டு, கதவு முழுக்கச் சின்னச் சின்னப் பித்தளை மணிகளைத் தொங்கவிட்டிருந்தார். மனிதர்கள் படுக்கிற அறைக்கெல்லாம் மழை வந்தால் உப்பிக்கொள்ளும் ரகக் கதவு, சாமிக்கு மட்டும் தேக்கு. இதை யாரைக் கேட்டுச் செய்கிறார்கள் என்று கவியரசன் குடிவந்த அன்றே பொருமினான். ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்து ஒரு மணி விடாமல் கழற்றி, மேல் வீட்டு குளோரியாவிடம் கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஆகும் என்று கொடுத்துவிட்டுத்தான் எழுந்தான்.

அவன் அப்படி வளர்ந்தவன். திருப்பத்தூரில் அவன் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர். மகனுக்கும் அப்படியே செய்துவைத்தார். விஜி அதற்கு நேர் எதிரான வீட்டிலிருந்து வந்தவள். கிருஷ்ணகிரிப் பக்கம். அந்த வீட்டில் சாமி என்றாலே பயம்தான். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். உச்சி வெயிலில் புளியமரத்துப் பக்கம் போனால் பிடித்துக்கொள்ளும். ஆடி மாதம் சித்தி மேல் அம்மன் இறங்கி, "எனக்குக் குறை வெச்சிட்டீங்கடா" என்று கத்தும்போது சின்னப் பெண் விஜி பாவாடையிலேயே ஒன்றுக்குப் போனாள். வயதுக்கு வரும்வரை பாயை நனைத்தாள். அதற்கும் அடி விழுந்தது.

அவள் கவியரசனைக் காதலித்ததில் பாதி அவனுக்காக. மீதிப் பாதி, விளக்குப் போடாமல் இருட்டில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற அவன் தைரியத்துக்காக. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எம் பொண்ணு எதுக்கும் பயப்படக்கூடாது கவி. சாமி பேரச் சொல்லியும் சரி, பேய் பேரச் சொல்லியும் சரி, ஒருத்தரும் இவள மிரட்டக்கூடாது."

"அவ்ளோதானே? அத எங்கிட்ட விடு," என்றான் அவன்.

சொன்னபடி செய்தான். எழில் என்று பெயர் வைத்தார்கள். ஆறு வயதில் அந்தப் பெண்ணுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. இடி இடித்தால் மற்ற பிள்ளைகள் போர்வைக்குள் போகும், இவள் பால்கனிக்கு ஓடுவாள். கட்டிலுக்கடியில் ஏதோ அசைகிறது என்று சொன்னால் கவியரசன் அவள் கையில் டார்ச்சைக் கொடுத்து, "வா, பாத்துட்டு வரலாம்" என்பான். பார்த்தால் பழைய சாக்ஸ் இருக்கும். இருவரும் சிரித்துக்கொண்டு வருவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் விஜிக்குத் தன் வயிற்றில் என்றோ கட்டிய முடிச்சு ஒன்று அவிழ்கிற மாதிரி இருக்கும்.

குட்டி அறை மட்டும் சும்மாவே கிடந்தது. செருப்பு வைக்கலாம் என்றான் கவியரசன். விஜிக்கு மனசு வரவில்லை. துடைப்பம், பக்கெட்டாவது வைக்கலாமே என்றான். அதற்கும் அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தான். "ஊர விட்டு வந்தாலும் ஊர் உன்ன விடாது போல. சரி, காலியாவே கெடக்கட்டும்," என்று விட்டுவிட்டான்.

அந்தக் கட்டடத்தில் எழில் போகாத வீடு கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் விளையாடிவிட்டு வந்தவள் காலைக்கூடக் கழுவாமல் அப்பாவிடம் போய் நின்றாள்.

"வைஷ்ணவி வீட்ல அந்த ரூம்ல பிள்ளையார் இருக்காரு. குளோரியா ஆன்ட்டி வீட்ல மாதா. கிரண் வீட்ல பாம்பு மேல ஒருத்தர் படுத்துட்டு இருக்காரு. நம்ம வீட்ல யாரு?"

"யாரும் இல்லடா."

"காலியா?"

"காலி."

பெங்களூரில் வளர்கிற பிள்ளைக்குக் காலி என்றால் ஒன்றுதான் அர்த்தம். மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் ஓர் அட்டையை எடுத்து, தெருவில் கேட்டுக்குக் கேட் தொங்குகிற பலகையைப் பார்த்துப் பழகிய கையால், சிவப்புக் க்ரேயானில் பெரிதாக 'டூ லெட்' என்று எழுதினாள். கீழே ஒரு வீட்டுப் படம். அதற்குக் கீழே அப்பாவின் ஃபோன் நம்பர். தேக்குக் கதவில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்துக்கொண்டாள்.

கவியரசன் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டான். பிறகு மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு முகத்தைப் பெரிய மனிதத்தனமாக மாற்றிக்கொண்டான்.

"வீட்டு ஓனர் ஆயிட்ட. அதுக்கு ஒரு ரூல் இருக்கு, தெரியுமா? வர்றவங்கள நீ யாரு, என்ன சாதி, எந்தச் சாமி, எந்த ஊருன்னு கேக்கவே கூடாது. வந்தவங்க நல்லபடியா இருந்தா போதும்."

"பேரு கேக்கலாமா?"

"பேரும் வேணாம். பேர வெச்சே சாதியக் கண்டுபுடிச்சிடுவாங்க இந்த ஊர்ல."

அது அவன் பட்ட அவமானத்திலிருந்து வந்த பேச்சு. வீடு வாங்கும் முன் வாடகை வீடு தேடி அலைந்த காலத்தில், மாடிப்படியில் நிற்கவைத்தே "நீவு யாவ ஜன?" என்று ஓனர்கள் கன்னடத்தில் சாதியைக் கேட்பார்கள். "மனுஷ ஜனம்" என்பான் கவியரசன். கதவு சாத்திக்கொள்ளும். வயிற்றில் எழிலைச் சுமந்துகொண்டு விஜி வெயிலில் நிற்பாள். அவன் மகளுக்குச் சொன்னதை விஜி கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படி ஓர் அப்பா எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைப்பான் என்று நினைத்தாள். நல்ல அப்பாதான். அதில் இன்றைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது.

சில நாள் கழித்து அட்டை கதவில் இல்லை. நான்காக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டிருந்தாள் எழில்.

"ஏண்டா எடுத்துட்ட?" என்றாள் விஜி.

"ஆள் வந்துட்டாங்க."

"ஓ! யாரு?"

"அதெல்லாம் கேக்கக்கூடாதுன்னு அப்பா சொன்னாங்க இல்ல?" குழந்தைக்கு அம்மாவின் அறியாமை மேல் எரிச்சலே வந்தது.

கவியரசன் வழக்கம்போல டார்ச்சை எடுத்தான். "வா, பாத்துட்டு வரலாம்." கதவைத் திறந்தான். நான்கு சுவர், ஒரு கல் பலகை, மூலையில் கொஞ்சம் தூசி. "பாத்தியா? காலி," என்றான். எழில் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்தவங்க ரூமைத் தட்டாமத் தொறக்கக்கூடாது, அப்பா. தட்டிட்டுத் தொறந்தாத்தான் இருப்பாங்க," என்றாள். அவனுக்கு அதுவும் சிரிப்பாகத்தான் இருந்தது. தட்டிவிட்டு நுழைய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

அன்றிலிருந்து அவள் அந்தக் கதவைத் தட்டிவிட்டுப் போவாள். பள்ளிக்குக் கிளம்பும்போது, "வரேன்" என்று கதவோரமாய்ச் சொல்வாள். அவர்கள் வீட்டில் கைகூப்ப யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளும் கூப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஒரு கற்பனைத் தோழமை வரும், தானாகப் போய்விடும் என்று இணையத்தில் படித்துவிட்டு வந்து சொன்னான் கவியரசன். விஜியும் நம்பினாள். நம்புவதற்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு எழிலுக்கு முன்பல் விழுந்தது. பூதக்கண்ணாடியில் வைத்துக் காட்டலாம் என்று கவியரசன் அதை டிஷ்யூவில் மடித்து மேஜைமேல் வைத்திருந்தான். மறுநாள் டிஷ்யூ மட்டும் இருந்தது.

"அவங்களுக்குக் குடுத்துட்டேன்," என்றாள் எழில். "அவங்களுக்கு வாய்ல ஒண்ணுமே இல்ல, பாவம்."

விஜி குட்டி அறைக்குள் மண்டியிட்டுத் தரையைக் கையால் துழாவினாள். மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். பல் இல்லை. குழந்தை எங்கேயாவது தொலைத்திருக்கும் என்று எழுந்து, சமையலறையில் பழக்கூடையை எடுத்தாள். மேலாக இருந்த ஆப்பிளில் ஒரு கடி இருந்தது. கடி என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரே ஒரு சின்னப் பல் தோலைக் குத்தி இழுத்த தடம். மற்றப் பற்கள் பதிய வேண்டிய இடமெல்லாம் வழுவழுவென்று இருந்தது.

அவள் அந்த ஆப்பிளை வெட்டவில்லை. காகிதத்தில் சுற்றிக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். கவியரசனிடம் சொன்னபோது, "எலிம்மா" என்றான். சந்தாபுராவில் எலிக்கு என்ன பஞ்சம் என்றான். எலிக்கு ஒரு பல்தானா என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து ரமா மிஸ் ஃபோன் செய்தார். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எழில் திரும்பிப் பார்ப்பதில்லை, காது பரிசோதித்தால் நல்லது என்றார். பரிசோதித்தார்கள். காதில் ஒரு குறையும் இல்லை. ஆட்டோவில் வரும்போது விஜி மகளை அணைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ் கூப்பிட்டா ஏண்டா பேச மாட்ற?"

"என்னைக் கூப்பிடலயே."

"எழில்னு கூப்பிட்டாங்களே?"

"அது இப்ப எம் பேரு இல்லம்மா. அவங்களுக்குக் குடுத்துட்டேன். பேரில்லாம எவ்ளோ கஷ்டம் தெரியுமா? யாருமே கூப்பிட மாட்டாங்க." ஆட்டோவின் ஓரத்தில் ஓடுகிற கடைகளைப் பார்த்துக்கொண்டு, பென்சில் கொடுத்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "எனக்குத்தான் நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்களே. கண்ணுன்னு கூப்டாப் போதும்."

விஜி மகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பகிர்ந்துகொள், இல்லாதவர்க்குக் கொடு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. கொடுக்கக்கூடாததென்று சில உண்டு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பளிச்சென்று வெயில். கவியரசன் காய் வாங்கப் போயிருந்தான். கீழே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த விஜி குனிந்து பார்த்தாள். மஞ்சள் சட்டையில் எழில், கிரணின் சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிடலாம் என்று, பழக்கத்தில், "எழில்!" என்று குரல் கொடுத்தாள்.

கீழே மஞ்சள் சட்டை திரும்பவில்லை. வீட்டுக்குள்ளிருந்து, "வரேம்மா" என்று பதில் வந்தது.

மகளின் குரல். பல் விழுந்த இடத்தில் காற்றுப் போகிற அதே குரல். விஜி கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தபடி நின்றாள். தண்ணீர் பாதத்தில் சொட்டியது. கீழே மகள் சைக்கிள் தள்ளுகிறாள். உள்ளே கதவு முனகுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் பார்த்துவிடுவோம் என்று திரும்பவில்லை. கவியரசன் வந்து காலிங் பெல் அடிக்கிறவரை தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேல் வீட்டு குளோரியா பெங்களூரிலேயே, ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவர், வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. விஜி சொன்னதையெல்லாம் காபி ஆறும்வரை கேட்டார். சிரிக்கவில்லை.

"இன்னா விஜிம்மா, இத்தினி நாள் மூடி வெச்சுகினு இருந்தியா? எடம் காலியா இருந்தா எது வேணா வரும்மா. நான் ஒரு மாதா படம் தரேன், உள்ள வெச்சிடு. உனக்கு மாதா வேணாமா, உங்க ஊரு அம்மனை வை. யாரையாவது ஒக்கார வை."

"கவிக்கு என்ன பதில் சொல்றது, அக்கா?"

"கொயந்த பெருசா, உங்க கொள்கை பெருசா?"

விஜிக்குச் சுருக்கென்றது. கொள்கை கவியுடையது என்றுதான் ஊர் நினைக்கிறது. கேட்டது அவள். தன் பயம் தன் மகளுக்குப் போகக்கூடாது என்று கேட்டது அவள். இப்போது அம்மனைக் கொண்டுவந்து வைத்தால் கூடவே சித்தியும் வருவாள், புளியமரமும் வரும், நனைந்த பாயும் வரும். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

கவியரசனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கோபப்படவில்லை, அவளுக்குத் தூக்கம் போதவில்லை என்றான். பிறகு, நிரூபித்துவிட்டால் தீர்ந்தது என்று, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு குட்டி அறைக்குள் போய்ச் சம்மணமிட்டான். "இங்கயே ஒக்காந்து வேலை பாக்குறேன். எவன் வர்றான்னு பாப்போம்," என்று கண்ணடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

விஜி அரிசி களைந்தாள். குக்கரை ஏற்றினாள். விசில் வந்தது. உள்ளே முதலில் கீபோர்டு சத்தம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. யாருக்கோ தாழ்ந்த குரலில் பதில் சொல்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. ஆபீஸ் அழைப்பாக இருக்கும். வெளியே வந்தபோது அவன் சட்டைக் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது.

"ஒண்ணும் இல்ல," என்றான்.

"யார்கிட்ட பேசின?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்றேன் இல்ல?"

அவன் அவளிடம் குரல் உயர்த்துகிறவனே இல்லை. அன்று சாயங்காலம் வேலை செய்கிற மேஜையைச் சமையலறைப் பக்கமிருந்து வாசல் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். வெளிச்சம் பத்தவில்லையாம். சார்ஜரைக் குட்டி அறையிலேயே விட்டுவிட்டான். அதை எடுக்கப் போனவன் கதவின் முன் நின்று, விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திறந்ததை விஜி பார்த்தாள். தான் தட்டியது அவனுக்கே தெரியவில்லை. அதைப் பார்த்த நிமிஷம்தான் இனி யாரும் துணைக்கில்லை என்று அவளுக்கு உறுதியாயிற்று.

வீட்டைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நாள் எங்காவது போய்விடலாம் என்று முடிவுசெய்தாள். மறுநாள் கவியரசன் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆபீஸ் போயிருந்தான். பள்ளி விட்டு எழிலை அழைத்து வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. விஜி உள்ளறையில் பெட்டியை எடுத்து வைத்துத் துணி அடுக்கினாள். கூடத்துக்கு வந்து பார்த்தால், மகளும் அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிப் பையிலிருந்த புத்தகத்தையெல்லாம் சோபாவில் கொட்டிவிட்டு, மஞ்சள் சட்டை, சீப்பு, தண்ணீர் பாட்டில், பொம்மை முயல் என்று ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள்.

"நாம கெளம்பறோம்னு உனக்கு யாருடா சொன்னா?"

"நீ இல்ல. நான் மட்டும்தான்." எழில் பையின் ஜிப்பை இழுத்தாள். "நான் அந்த ரூம்ல இருக்கப் போறேன். அவங்க இங்க வரட்டும். அவங்க வெளில வந்ததே இல்லையாம்மா. கொஞ்ச நாளைக்குத்தான். அவங்க உன்கூடப் பள்ளிக்கூடம் போவாங்க, உன்கூடப் படுத்துப்பாங்க. உனக்கு வித்தியாசமே தெரியாதாம்."

குட்டி அறைக் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளே மாலை நேர இருட்டுக்கு மேல் இருட்டாக இருந்தது. எழில் பையை மாட்டிக்கொண்டு, தெரிந்த வீட்டுக்குப் போகிறவளாய் அதை நோக்கி நடந்தாள். முகத்தில் துளிப் பயம் இல்லை. பயம் இல்லாத அந்த முகத்தைத்தான் விஜி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டு வாங்கினாள். அதைப் பார்த்துத்தான் இப்போது அவள் பயந்தாள்.

ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். குழந்தை உதறியது. "விடும்மா, காத்துட்டு இருக்காங்க." மறுபடி பிடித்தாள். இன்று பிடித்து வைக்கலாம். நாளைக்கு? தான் குளிக்கும் நேரத்தில், சமைக்கும் நேரத்தில்? இவளாகப் போகமாட்டேன் என்று நினைத்தால் ஒழிய எந்தத் தாழ்ப்பாளும் காக்காது. அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது விஜிக்குத் தலைகீழாகத் தெரிந்த பாடம்.

மண்டியிட்டாள். மகளின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். சித்தி வீட்டுக் கூடத்தில் தான் கேட்ட குரல் தன் வாயிலிருந்து வந்தது.

"அங்க இருக்கறது அவங்க இவங்க இல்ல. பேய். உள்ள பேய் இருக்கு. தெரியுதா? அந்தக் கதவுக்கு உள்ள போனா வெளில வரவே முடியாது. ஒரே இருட்டு. நீ கத்துவ, அம்மாவுக்குக் கேக்காது. அது உன் பல்லப் புடுங்கும், கண்ணத் தோண்டும், தோல உரிச்சுப் போட்டுக்கும். உன்ன மாதிரியே வந்து என் பக்கத்துல படுத்துக்கும். நீ உள்ளயே கெடப்ப. ராத்திரி பகல் தெரியாம அழுதுட்டே கெடப்ப. பேய் உன் பின்னாடியே நிக்கும்."

எழில் முதலில் சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி அம்மாவைப் பார்த்தாள். அந்தச் சின்ன முகத்துக்குள் பயம் முதன்முதலாக நுழைந்ததை விஜி கண் இமைக்காமல் பார்த்தாள். உதடு கோணியது. கண் பெரிதாயிற்று. தரையில் சூடாக ஏதோ பரவி விஜியின் முழங்காலை நனைத்தது. குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அது பழக்கமான சூடு.

குழந்தை வீறிட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. விஜி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அழுகை வந்தது. ஆனால் பிள்ளை கையில் இருந்தது. இனி அந்தக் கதவுப் பக்கம் போகாது. அது போதும் என்று நினைத்தாள்.

"அது வந்துச்சுன்னா?" விம்மலுக்கு நடுவே எழில் கேட்டாள். "வந்துச்சுன்னா யாரைக் கூப்பிடணும்? வைஷ்ணவி பிள்ளையாரைக் கூப்பிடுவா. நம்ம யாரம்மா கூப்பிடணும்?"

விஜியின் வாயில் ஒரு பெயர் வந்து நின்றது. ஊரில் எல்லைக் கோவிலில் மஞ்சள் பூசி உட்கார்ந்திருப்பவளின் பெயர். அது வெறும் பெயராகத்தான் வந்தது. தான் பாயில் கிடந்து நடுங்கிய காலத்தில் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறாள். ஒரு நாளும் யாரும் வந்ததில்லை. அந்தப் பெயரை விழுங்கிக்கொண்டாள்.

"என்னைக் கூப்பிடு. அம்மான்னு கூப்பிட்டாப் போதும். எங்க இருந்தாலும், எப்படி இருந்தாலும் ஓடி வருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. எங்க, கூப்பிடு பாக்கலாம்."

"அம்மா," என்றாள் எழில்.

"வந்துட்டேன்."

"அம்மா!"

"வந்துட்டேண்டா கண்ணு." விஜி அவள் கன்னத்தைத் துடைத்தாள். குழந்தையின் விம்மல் கொஞ்சம் தணிந்தது. மழையும் விட்டிருந்தது போல, வீடு அமைதியாயிற்று.

"அம்மா."

எழிலின் வாய் மூடியிருந்தது. விஜி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குரல் தேக்குக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. பல் விழுந்த அதே குரல், ஆனால் அழுதுகொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, உள்ள பேய் இருக்குன்னு சொன்னியே. எங்கம்மா இருக்கு? எனக்குப் பயமா இருக்கு. ஒரே இருட்டா இருக்கும்மா."

கதவிடுக்கில் ஒன்றும் வெளியே வரவில்லை. வர முயலவும் இல்லை. அது மூலையில் சுருண்டுகொண்டிருக்க வேண்டும்; விம்மல் தரைமட்டத்திலிருந்து வந்தது. யார் என்று யாரும் கேட்காத ஒன்று, தான் இன்னதென்று இன்றைக்குத்தான் காதால் கேட்டிருக்கிறது, அதுவும் புரியாமல். "என் பின்னாடி நிக்குதாம்மா?" என்று கேட்டது. பிறகு மூச்சு அடைத்துக்கொள்கிற அழுகை. தவழ்கிற வயதிலிருந்து எந்த அறையில் கேட்டாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு விஜி ஓடிய அழுகை.

"அம்மா!"

விஜியின் கால் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. ஆறு வருஷப் பழக்கம், அவளைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. இன்னோர் அடி. கழுத்தைக் கட்டியிருந்த சின்னக் கைகள் இறுகின.

"அழாத கண்ணு," என்றாள் கதவைப் பார்த்து. "இதோ அம்மா வந்துட்டேன்."

"அம்மா, நான் இங்க இருக்கேன்," என்றது இடுப்பிலிருந்த குழந்தை.